விளக்கு அணையாத மாலை

எங்கள் ரொட்டி ஆலையில் அவளை அடுப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அடுப்பின் வாய்க்கு நேரே நின்று நீளத் துடுப்பால் ரொட்டிகளை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் அவள் வேலை. முகம் எப்போதும் சிவந்திருக்கும். புருவத்தின் ஓரம் கருகியிருக்கும். அத்தனை அனலில் நின்றுகொண்டு எங்கள் வீட்டு நல்லது கெட்டதை எல்லாம் விசாரிப்பாள். ஆனால் பயந்த சுபாவம். எலி ஓடினால் மாவு மூட்டை மேல் ஏறி நின்றுவிடுவாள்.

"இந்த நெருப்புக்குப் பயப்படாதவ, எலிக்குப் போய்ப் பயப்படுறியேக்கா" என்று நான் கேலி செய்தால், "அடுப்பு நின்ன எடத்துல நிக்கும்டி. ஓடி வர்றதுக்குத்தான் பயம்" என்பாள்.

ஆலை கூட்டுறவு ஆலை. எங்கள் தொழிலாளர்களின் கட்சி நகரசபையைப் பிடித்த பிறகு கட்டியது. எங்கள் குடியிருப்பும் அப்படித்தான். ஐந்து மாடி, நடுவில் முற்றம், மாடிக்கு மாடி குழாய், கீழே துணி துவைக்கும் கூடம், மூலையில் பிரசவ விடுதி, அதன் மேலே படிப்பறை. எங்கள் அம்மாக்கள் காலத்தில் தெருவுக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு சண்டை. கட்சிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் "படிப்படியாக" என்பார்கள். அப்படிப் படிப்படியாகத்தான் குழாய் வந்தது, எட்டு மணி நேர வேலை வந்தது, பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதனால் வேண்டாதவர்கள் அதைப் படிக்கட்டுக் கட்சி என்றார்கள். நாங்களும் செல்லமாக அப்படியே சொல்லிக்கொண்டோம்.

அடுப்பக்காவின் புருஷன் மின் நிலையத்தில் சுவிட்சு அறையில் வேலை. சுவிட்சுக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்சியின் பழைய ஆள். கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுவார், கடைசி ஆளாக நின்று மடக்கி வைப்பார். இடையில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்களுக்கு அப்போதுதான் தவழ ஆரம்பித்த ஒரு பெண் குழந்தை. அப்புறம் அவளுடைய தம்பி. தாய் தகப்பன் இல்லாத பையன், அவள்தான் வளர்த்தாள். டிராம் கொட்டகையில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. அடுக்களைப் பெஞ்சுதான் அவன் படுக்கை. அவன் படிக்கட்டுக் கட்சியில் இல்லை. அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்து போனார்களே, அந்த இன்னொரு சிவப்புக் கட்சியில் இருந்தான். அதற்கு அவன் மாமா வைத்த பேர் தீப்பெட்டிக் கட்சி.

அந்த வருடம் மழை விடவே இல்லை. துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஈரவாடை. அந்த மழைக்காலத்தில்தான், சிவப்பு என்று இருப்பதையெல்லாம் ஒழிப்போம் என்று அணிவகுத்துத் திரிந்த சாம்பல் சட்டைக்காரர்கள் தலைநகரத்தில் ஆட்சிக்கு வந்தார்கள். நகரசபை மட்டும் இன்னும் எங்கள் கட்சி கையில் இருந்தது. முதலில் எங்கள் பத்திரிகை விற்கிறவரை அடித்தார்கள். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் இருந்த படிப்பறையைக் கொளுத்தினார்கள். புத்தகத்தின் கரி எங்கள் முற்றம்வரை பறந்து வந்து, காயப்போட்ட விரிப்புகளில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். லாரி சத்தத்தை வைத்தே அது பால் லாரியா, சாம்பல் லாரியா என்று எங்களுக்குச் சொல்லத் தெரிந்துவிட்டது. சாம்பல் லாரி என்றால் குடியிருப்பே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நம் படிக்கட்டு இல்லை என்று தெரிந்ததும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அடுப்பக்கா வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் சண்டை நேரம். மாமனும் மச்சானும் தட்டில் கை வைத்ததும் ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன மாமா, உங்க தலைவருங்க இன்னிக்கு என்ன பண்ணாங்க? கண்டனத் தீர்மானமா?"

"ஆமா. ஏகமனதா."

"வீடு தீப்பிடிச்சு எரிஞ்சாலும் நீங்க தீர்மானம் போட்டு, வழிமொழிஞ்சு, அப்புறந்தான் தண்ணி ஊத்துவீங்க."

"நாங்களாவது தண்ணி ஊத்துவோம் மாப்ளே. உங்காளுங்க எட்டு பேரு, அதுல ஒம்பது கோஷ்டி. யாரு தீக்குச்சி கிழிக்கறதுன்னே உங்களுக்குள்ள அடிதடி."

"போன தேர்தல்ல நாங்க தனியா நின்னு ஓட்டப் பிரிச்சோம்னு இன்னும் காந்தலா?"

"காந்தாம? எங்களத்தானே முதல் எதிரின்னு சுவரெல்லாம் எழுதுனீங்க. சாம்பலு ரெண்டாவது எதிரியாம். இப்ப பாரு, ரெண்டாவது எதிரி நம்ம ரெண்டு பேர் வாசல்லயும் நிக்கறான்."

தம்பி ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே இருந்தான். அது கரைந்தே போய்விட்டது.

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள் அடுப்பக்கா. "யாரு பெரியவங்கன்னு லாரில ஏத்திட்டுப் போறப்ப அவன் கேக்கப்போறதில்ல."

ஒரு நாள் மாலை சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்குள் வந்தார்கள். தம்பி கதவைத் தாழ் போட்டான். அதைப் பார்த்ததும் அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கட்சியும் பேசியாச்சுக்கா" என்றான் தம்பி. அவன் கண்ணில் ஒரு பளபளப்பு. "முதல் தடவையா."

சுவிட்சுக்காரர் மெதுவாகச் சொன்னார். நகரசபையைக் கலைக்கப் போகிறார்கள். கலைக்கிற அன்று பொது வேலைநிறுத்தம். அதற்கு அடையாளம் விளக்கு. இருட்டுகிற நேரத்தில் மின் நிலையம் நிற்கும். நகரம் முழுக்க ஒரே வீச்சில் விளக்கு அணையும், டிராம் நிற்கும், ஆலை நிற்கும். அதைப் பார்த்து எல்லோரும் தெருவில் இறங்குவார்கள். டிராம் கொட்டகையில் இருக்கிறவர்கள் அந்த இருட்டில் போய்ப் பாலத்தை அடைப்பார்கள். அவர்களிடம் கொஞ்சம் துப்பாக்கி இருக்கிறது.

"நிலையத்த நிறுத்தறது யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"மாலை ஷிப்ட்டு எனக்குத்தான்" என்றார். "ஆனா கட்சி சொன்னாத்தான். நாமளா எதுவும் செய்யக்கூடாது. டெலிபோன ஒட்டுக் கேக்கறான். அதனால பிரசவ விடுதி நர்ஸம்மா உங்கிட்ட வந்து சொல்லுவாங்க. நீ எப்பவும் போல சாப்பாட்டுத் தூக்கோட வா. வந்து, 'உங்க அம்மா வந்திருக்காங்க'ன்னு சொல்லு. அவ்வளவுதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவருடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"வேற ஆளே கெடைக்கலையா?" என்றாள் அவள். "எனக்கு எலியக் கண்டாலே நடுக்கம். நான் போய்..."

"நீ ஒண்ணுமே செய்ய வேணாம்க்கா" என்று தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மூணு வார்த்தை. நாங்க கொட்டகைல விளக்கையே பாத்துட்டு ஒக்காந்திருப்போம்."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஆலையில் இரண்டு தட்டு ரொட்டியைக் கருக்கினாள். அவள் ரொட்டியைக் கருக்கி நான் பார்த்ததே இல்லை. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்லடி, கண்ணெரிச்சல்" என்றாள். நடந்ததை எல்லாம் அவள் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான்.

நர்ஸம்மா வந்தது ஒரு பிற்பகல். மழை தூறிக்கொண்டிருந்தது. பிரசவ விடுதியில் வேலை பார்க்கிற அந்த அம்மாளை எந்தக் காவலிலும் நிறுத்த மாட்டார்கள். கையில் பை இருந்தால் யார் வீட்டிலோ வலி எடுத்துவிட்டது என்று அர்த்தம். அவள் உள்ளே வந்து உட்காரவில்லை. குடையைக்கூட மடக்கவில்லை.

"நகரசபைக்குள்ள பூந்துட்டாங்க. மேயரப் பிடிச்சுட்டாங்க. இன்னிக்குத்தான்" என்றாள். "சொல்ல வேண்டியது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு பாப்போம்."

"உங்க அம்மா வந்திருக்காங்க."

"நல்லது. பதறாத. எப்பவும் போற மாதிரி போ. உன்ன நம்பித்தான் இருக்கு." அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுப்பக்கா உருளைக்கிழங்கை வேகவைத்தாள். உப்புப் போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டாள். குழந்தையை எதிர்வீட்டில் விட்டாள். அது இவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மின் நிலையம் ஆற்றோரம். போகிற வழியெல்லாம் கடைகள் சாத்திக் கிடந்தன. நிலையத்து வாசலில் எப்போதும் கிழட்டுக் காவல்காரர் ஒருவர் இருப்பார். அன்று அவர் இல்லை. சாம்பல் சட்டைகள் நின்றார்கள். மதில் ஓரமாக, மழையில், நாலைந்து பேரை முட்டி போட வைத்திருந்தார்கள். கை இரண்டும் தலைமேல். அதில் ஒருத்தர் கரி அள்ளுகிறவர், அவளுக்குத் தெரிந்தவர். அவர் காதிலிருந்து ரத்தம் வழிந்து மழைத் தண்ணீரோடு கலந்து காலர் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா இது?" என்று ஒரு சாம்பல் சட்டை தூக்கைத் திறந்தான். சின்னப் பையன். அவள் தம்பி வயதுதான் இருக்கும். மூடியில் இருந்த ஆவி அவன் முகத்தில் அடித்தது. "உருளைக்கிழங்கா? கொடுத்து வச்சவரு உன் வீட்டுக்காரரு. போ, ஆறிடப் போவுது."

அவன் அன்பாகப் பேசியதுதான் அவளை ஆட்டிவிட்டது. திட்டியிருந்தால், தள்ளியிருந்தால், அவள் கோபத்திலாவது நடந்து போயிருப்பாள். இப்போது அந்தக் கோபமும் இல்லை. தூக்கின் மூடியை அழுத்திச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

சுவிட்சு அறையில் பெரிய பலகை. அதில் வரிசையாகப் பித்தளைக் கைப்பிடிகள். கீழே எந்திரங்கள் ஓடுகிற அதிர்வு செருப்பு வழியாக ஏறியது. அவள் புருஷன் கைப்பிடிகளுக்கு முன்னால் நின்றிருந்தார். அவருடைய முக்காலியில், அவருக்குப் பின்னால், மடியில் துப்பாக்கியோடு ஒரு சாம்பல் சட்டை உட்கார்ந்திருந்தான். அவன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

அவர் திரும்பினார். தூக்கை வாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார்.

அவர் கை கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டைவிரல் லேசாகத் துடித்தது. அந்த விரலைப் பார்த்தாள். பின்னால் இருப்பவன் ஆப்பிளைக் கடிக்கிற சத்தம். சொன்னால் இவர் இழுப்பார். இழுத்த கையோடு சுடுவான். இவர் இந்தப் பலகை மேலேயே சரிந்து விழுவார். அதை நடப்பதற்கு முன்னாலேயே கண்ணால் பார்த்துவிட்டதாகவே பின்னால் எனக்குச் சொன்னாள். கொட்டகையும் தம்பியும் நர்ஸம்மாவும் நகரமும் எங்கோ போய்விட்டார்கள். அந்தக் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

"யாரும் வரலீங்க" என்றாள்.

"யாருமேவா?"

"யாருமே வரல. சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் தூக்கை வாங்கிக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. எங்கள் குடியிருப்பில் யாரும் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டுவிட்டு, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் அண்ணன் அன்று கொட்டகையில் இருந்தான். என் அம்மா விளக்கைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தாள்: அணைஞ்சிடு, அணைஞ்சிடு. விளக்கு எரிந்தது. துளிகூட மினுங்காமல் எரிந்தது.

பிறகு பாலத்துப் பக்கம் லாரிகள் போயின. ஒன்று, இரண்டு என்று எண்ணி மாளாது. கொட்டகைக்காரர்கள் இருட்டுக்காகக் காத்திருந்தார்கள். இருட்டு வரவில்லை. காத்துக் காத்து, கடைசியில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்ல, பாதிப் பேர் இறங்கலாம் என்று சொல்ல, அதற்குள் கொட்டகையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். சுடுகிற சத்தம் சாப்பாட்டு நேரம்வரை கேட்டது. முதலில் இரண்டு பக்கமும். பிறகு ஒரு பக்கம் மட்டும். அத்தனையும் பளிச்சென்ற வெளிச்சத்தில்.

அடுப்பக்கா குழந்தையை மடியில் போட்டு, அதன் காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது தம்பி படுக்கிற பெஞ்சு.

விடிந்து சுவிட்சுக்காரர் வந்தார். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "சொல்லலியே" என்றார். "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியே பாவிங்க. நாங்க உசிரக் கையில பிடிச்சுட்டு நிக்கறோம், அவங்க இன்னும் பேச்சுவார்த்தை நடத்தறாங்க. படிப்படியா! படிப்படியா எங்க கொண்டுவந்து விட்டாங்க பாத்தியா?"

அவள் எழுந்து அவர் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"தம்பி?" என்றார்.

"வரல."

தம்பி வரவே இல்லை. என் அண்ணனும் வரவில்லை. சில மாதம் கழித்து, தம்பி வடக்கே ஒரு முகாமில் காய்ச்சலில் இறந்தான் என்று அவளுக்கு ஒரு தகவல் வந்தது. எங்களுக்கு அதுகூட வரவில்லை. கட்சியைத் தடை செய்தார்கள். ஆலையைப் பறித்தார்கள். உறுப்பினராக இருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, குடியிருப்பில் வீடும் போயிற்று. அடுப்பக்கா குடும்பம் நகரத்தின் மறுகோடியில் ஒற்றை அறைக்குப் போனது. அவர் வீடு வீடாகப் போய் மின்கம்பி பழுது பார்த்துப் பிழைத்தார். அவள் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினாள்.

சாம்பல் சட்டை பயம் எல்லோருக்கும் ஒன்று. அவளுக்கு இரண்டு. நர்ஸம்மாவையும் அன்றே பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த அம்மாள் உயிரோடு வெளியே வந்தால்? ஒரு நாள் கதவைத் தட்டினால்? பல நாள், நர்ஸம்மா அங்கேயே செத்துப் போகட்டும் என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக நடுங்கிப் போவாள். அவரோ யார் வந்தாலும் கட்சியைத் திட்டுவார். "துரோகிங்க. வார்த்தை அனுப்பல. அனுப்பியிருந்தா நான் இழுத்திருப்பேன்" என்பார். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது நெஞ்சில் ஆணி இறங்குகிற மாதிரி. ஆனாலும் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு சும்மா இருப்பாள்.

சாம்பல் சட்டைகளும் ஒரு நாள் போனார்கள். அவர்கள் ஆரம்பித்த யுத்தத்தில் அவர்களே தோற்றார்கள். கட்சி மறுபடி வந்தது. கூட்டங்கள் நடந்தன, தேர்தல் நடந்தது, படிக்கட்டுக் கட்சி ஜெயித்தது. இப்போது பேசுகிறவர்கள் இளவட்டங்கள், நல்ல துணியில் கோட்டு, கணக்குப் போட்டுப் பேசுகிறவர்கள். கட்சியின் பழைய பாட்டில் பாதி வரியை எடுத்துவிட்டார்கள், சுருதி சேரவில்லையாம். ஓய்வூதியம் தந்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவிட்சுக்காரர் ஓட்டுப் போடப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்பக்கா திறந்தாள்.

நர்ஸம்மா. தலை முழுக்க நரைத்து, ஒரு பக்கத்துப் பல் எல்லாம் போய், கையில் கம்பு.

"ஐயோ" என்றாள் நர்ஸம்மா. "ஐயோ, நீயா? உசிரோடயா இருக்க!"

கம்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள். "உன்ன வாசல்லயே சுட்டுட்டாங்கன்னுதானே நெனச்சேன்! உன் வீட்டுக்காரரப் பாத்து ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லணும்னு விலாசம் விசாரிச்சு வந்தேன். நீ இருக்கியே! என் கண்ணே, நீ இருக்கியே!"

அடுப்பக்கா குனிந்து கம்பை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்தார்.

"வாங்க நர்ஸம்மா" என்றார். குரலில் பழைய கசப்பு. "ஜெயில்ல பட்டது போதும்னு விட்டுட்டாங்களா? சரி, இவள எதுக்கு சுடணும்?"

"என்ன கேள்வி இது?" நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சேதியோட உங்ககிட்ட அனுப்பி வச்சேனே. விளக்கு அணையல. அப்ப இவ வழியில மாட்டிக்கிட்டான்னுதானே அர்த்தம்?"

சொல்லி முடிக்கும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பக்கா முகத்தைப் பார்த்தாள்.

"நான் மாட்டிக்கல" என்றாள் அடுப்பக்கா. "உள்ள போனேன். அவரப் பாத்தேன். சொல்லல."

அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா. யாரும் வரலன்னு சொன்னேன். பின்னால அவன் துப்பாக்கியோட ஒக்காந்திருந்தான். உங்கள சுட்டுருவான். எனக்கு... எனக்குப் பயமா இருந்துச்சு."

அவர் அவளை அடித்ததே இல்லை. ஆனால் அன்று அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடித்தால் தேவலை என்றும் இருந்ததாம். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி சத்தம் எனக்குக் கேக்கலையா?" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "நிலையத்துலேருந்து கொட்டகை கூப்பிடு தூரம். ஒவ்வொரு வெடியும் கேட்டுச்சு. துப்பாக்கி வச்சிருந்தவன் சத்தத்தக் கேட்டதும் என்ன அங்கேயே விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடிட்டான். நான் தனியா நின்னேன், கைப்பிடிக்கு முன்னால. மாப்ளே அங்கதான் இருக்கான்னு தெரியும். அதுக்கு மேல என்ன வார்த்தை வேணும்? கட்சி சொல்லல, கட்சி சொல்லலன்னு சொல்லிட்டே நின்னேன்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "யாரும் வரலன்னு நீ சொன்னப்ப, எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சுடி. அத யார்கிட்டயும் சொல்ல முடியாம இத்தன வருஷம் அவங்களத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

நர்ஸம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"உன் தம்பியும் நானும் ஒரே லாரிலதான் போனோம்" என்றாள். "தோள்ல குண்டு. என் மடில தல வச்சுப் படுத்திருந்தான். விளக்கு ஏன் அணையலன்னு கேட்டுட்டே இருந்தான். அக்கா போயிருப்பா, வாசல்ல மாட்டியிருப்பான்னு நான்தான் சொன்னேன். வேற என்ன சொல்றது? அதக் கேட்டதுலேருந்து ஒரே அழுகை. தன் காயத்துக்கு அழல. 'எலிக்குப் பயப்படறவள நான்தானே போகச் சொன்னேன், நான்தானே கொன்னுட்டேன்'னு அழுதான். என்ன இறக்கி வேற வண்டில ஏத்தற வரைக்கும் அக்கா அக்கான்னுதான்..."

அடுப்பக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத சத்தம் அடுத்த வீட்டுக்காரர்களை வெளியே வரவழைத்தது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

நர்ஸம்மா தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தாள். கம்பை எடுத்துக்கொண்டாள். அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை.

"வெள்ளிக்கிழமை பழைய மன்றத்துல கூட்டம்" என்றாள் கதவருகில். "கொட்டகைக்காரங்க வீட்டாளுங்க எல்லாம் வருவாங்க. அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. தலைவருங்க காட்டிக்கொடுத்தாங்கன்னு பாதிப்பேரு. தீப்பெட்டிக்காரங்க கெடுத்தாங்கன்னு பாதிப்பேரு. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

வெள்ளிக்கிழமை நான் என் அம்மாவோடு போயிருந்தேன். மன்றத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மேடையில் ஒரு கோட்டுக்காரர் வீட்டுவசதித் திட்டம் பற்றிப் பேசி முடித்தார், கைதட்டினோம். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் பழைய சிவப்பு போய் வெளுத்திருந்தது. பக்கத்தில் சுவிட்சுக்காரரும் எழுந்தார். அவள் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அன்னிக்கு வார்த்தை வந்துச்சு" என்றாள். முன்வரிசைக்குக் கேட்கவில்லை. "சத்தமா!" என்றார்கள். அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி தடதடவென்று ஆடியது. "அன்னிக்கு வார்த்தை வந்துச்சு. எங்கிட்டதான் வந்துச்சு. நான் கொண்டுபோய்க் குடுக்கல."

அவள் முழுவதும் சொன்னாள். மதில், ஆப்பிள், கட்டைவிரல் எல்லாம். அவர் தனியாகக் கைப்பிடிக்கு முன்னால் நின்றதையும் சேர்த்து அவளே சொல்லிவிடப் பார்த்தாள். அவர் குறுக்கிட்டு, "அது நான் சொல்ல வேண்டியது" என்று எழுந்து சொன்னார். யாரோ ஒருவர் பின்னாலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கத்தினார். மற்றவர்கள் அவரை அடக்கவும் இல்லை, கூடச் சேரவும் இல்லை. நர்ஸம்மா மேடையோரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

என் அம்மா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுக் கேட்டாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றாள் அடுப்பக்கா.

"இப்ப?"

"இப்பவும் இருக்கு."

என் அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கேட்டால் நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது.

"உக்காரு" என்றாள். "நீ நின்னுட்டே இருக்கறதால எம்பையன் வரப்போறதில்ல."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவளுக்கு இடம் விட்டாரா, அவளைவிட்டு விலகினாரா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.